இரண்டு செம்புப் பட்டைகள்

மார்ச் 4

அண்ணா,

நலமா என்று கேட்டால் கட்டுப் போட்ட கையோடு எழுந்து வந்து அறைவாய். அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். தலையில் தையல், கையில் உனக்காக ஒரு போர்வை, பஸ்ஸில் நின்றபடியே பயணம். வாசல் காவலாளி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தங்கச்சின்னு யார் வந்தாலும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா." போர்வையை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இந்நேரம் அவர் வீட்டில் யாரோ போர்த்திக்கொண்டிருப்பார்கள். போனில் கூப்பிட்டால் உன் வார்டில் எடுக்கிற ஆள் "வேணாமாம்" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். இதைக் கிழிக்கக்கூட உனக்குக் கை வேண்டும். கோபப்படாதே, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

உன்னோடு லைன் வேலை பார்த்த ஏணி செத்துப்போனதற்கும் நீ இப்படிக் கிடப்பதற்கும் எவனோ டிரான்ஸ்ஃபார்மரின் செம்பைத் திருடியதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. செம்பு என்றால் பழைய உலோகக் கடை. பழைய உலோகக் கடை என்றால் என்னைப் போன்றவர்கள். உன் கரண்ட் ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேர் கடப்பாரையோடு தெருவில் இறங்கினார்கள். முதலில் முக்குக் கடைக்காரர். "யார்கிட்ட வாங்கின?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தாடையில் அடித்தார்கள். அப்புறம் அவர் எப்படிப் பதில் சொல்வார், தாடை இரண்டாகப் போய்விட்டது. தராசுத் தட்டை அவர் தலையில் கவிழ்த்து அதன் மேலேயே அடித்தார்கள். அந்தச் சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது.

என் கடைக்கு வந்தபோது கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். லைன்மேன் தங்கச்சி என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் இன்னும் மோசம்" என்றான் ஒருவன். ஈயக் குழாயால் தலையில் போட்டான். நானும் சும்மா விடவில்லை. அவன் சட்டைக் கையும் அதற்குள் இருந்த சதையும் கொஞ்சம் வெந்தன. ரத்தம் கண்ணில் இறங்கி எனக்கு எல்லாமே சிவப்பாகத் தெரிந்தது. உலையை உடைத்தார்கள். மூட்டைகளைக் கொட்டிக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்காமல் போனார்கள்.

நீ ஏன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாய்? அதை மட்டும் சொல்.

உன் தங்கை

மார்ச் 9

தங்கச்சிக்கு,

இதை எழுதுவது பக்கத்துக் கட்டில் லாரிக்காரர். இரண்டு காலும் மாவுக்கட்டில் தொங்குவதால் அவருக்கு எழுத நேரம் நிறைய. நான் கெட்ட வார்த்தை சொன்னால் அதை எழுதமாட்டாராம். அதனால் நான் சொல்வதில் பாதிதான் உனக்கு வந்து சேரும்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். இடது கை தோல் உரிந்து கிடக்கிறது, ஆனால் பிழைத்துவிடும் என்கிறார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று எல்லாரும் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். என் வாயால் நீ ஒருமுறை கேள்.

பகல் வேளை. தெருவில் விளக்கு மங்குகிறது என்று புகார். நானும் ஏணியும் டிரான்ஸ்ஃபார்மர் பார்க்கப் போனோம். எண்ணெய் அளவைப் பார்த்தால் போதும், கரண்ட்டை நிறுத்த வேண்டியதில்லை என்று நினைத்தோம். நாங்கள் இருவரும் வேலை செய்கிற முறை உனக்குத் தெரியாது. எதையும் தொடுவதற்கு முன்னால் தொடுகிறவன் "எர்த் இருக்கா?" என்று கேட்பான். நிற்கிறவன் "இருக்கு" என்று சொன்னால்தான் தொடுவான். சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் பழக்கம். கோயில் மணி மாதிரி வாய் தானாகவே சொல்லும். அன்றைக்கும் அவன் கேட்டான், நான் இருக்கு என்றேன். அவன் தொட்டான்.

உள்ளே எதுவோ எரிந்து, மேலே வருகிற பெரிய கரண்ட், டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியின் உடம்பிலேயே இறங்கியிருந்தது. அப்படி இறங்கினால் அதை மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் பெட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு செம்புப் பட்டை, அதுதான் எர்த். இரண்டுமே இல்லை. கரண்ட்டுக்குச் செம்பு இல்லையென்றால் ஆளைச் செம்பாக்கிக்கொள்ளும். ஏணி ஒரு சத்தமும் போடவில்லை. பெட்டிதான் சத்தம் போட்டது. அவன் கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது, பூட்ஸ் வெடித்துக் குதிகால் வழியாகப் புகை வந்தது. இழுத்தேன். அது தப்பு என்று எனக்குத் தெரியும், பாடம் நடத்துகிறவனே நான்தான். ஆனாலும் இழுத்தேன். அவன் கையில் இருந்த தோல் என் கையோடு வந்தது.

ஏன் உன்னைப் பார்க்கவில்லை என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தால் கேட்க முடியாது, அதனால்தான். அந்தப் பட்டை உன் கடை வழியாகப் போனதா? போனது என்றால் கொண்டுவந்தவன் யார்? பேரை மட்டும் சொல். மிச்சத்தை இந்தக் கட்டைவிரலை வைத்தே நான் முடித்துக்கொள்கிறேன்.

(லாரிக்காரர் எழுதுவது: அம்மா, அண்ணன் தூக்கத்திலும் "இருக்கு, இருக்கு" என்கிறார். கொஞ்சம் சாந்தமாகப் பதில் போடுங்கள்.)

மார்ச் 13

அண்ணா,

லாரிக்காரருக்கு என் வணக்கம். சாந்தமாக எழுதப் பார்க்கிறேன்.

நீ படுத்திருந்ததால் ஏணியின் சவ ஊர்வலத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது. சவப்பெட்டியை மூடியே கொண்டுபோனார்கள். உன் ஆபீஸ் வாசலில் அவருடைய படத்தைப் பெரிதாக வைத்து, "கொன்றவனைக் கம்பத்தில் கட்டுவோம்" என்று சங்கத் தலைவர் சொல்லிக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவருடைய அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் என் பக்கத்தில் என்று நான் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நீ பேரைக் கேட்கிறாய். என் தொழிலில் அதைக் கேட்பதில்லை. தகரம் வந்தால் எங்கே இருந்தது என்று கேட்கலாம், இரும்பு வந்தால் துருவைப் பார்த்தே சொல்லிவிடலாம். செம்பு அப்படியில்லை. உருக்கிவிட்டால் அது புதிதாகப் பிறந்துவிடும். பீரங்கியாக இருந்தது மணியாகும், மணியாக இருந்தது குழாயாகும், குழாய் ஒயராகும். ஆதியில் மனிதன் அடுப்பில் போட்டு உருக்கிய உலோகமே இதுதான் என்று ஏணி சொல்வார். லைன் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் செம்புச் சுரங்கத்தில் இருந்தார், உனக்குத் தெரியுமே. அங்கே மலையிலிருந்து நீலத் தண்ணீர் கசியுமாம். அதில் பழைய ஆணியைப் போட்டு வைத்தால் நாளாக நாளாக ஆணி கரைந்து அந்த இடத்தில் செம்பு உட்கார்ந்திருக்குமாம். "என்னையும் அதுல முக்குங்க, கொஞ்சம் மதிப்பு கூடட்டும்" என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுமுறை வந்தபோது ஒரு பச்சைக் கல்லைக் கொண்டுவந்து என் தராசில் வைத்தார். புல்லை அரைத்துக் கல்லாக்கியது போல ஒரு பச்சை. அதற்குள்தான் செம்பு இருக்கிறதாம். அந்தக் காலத்துப் பெண்கள் அதைப் பொடித்துக் கண்ணுக்குப் பூசுவார்களாம். ஆண்கள் அதையே உருக்கிக் கோடாலி செய்து ஒருவர் மண்டையை ஒருவர் பிளப்பார்களாம். "ஒரே கல்லுதான். வீட்டுக்கு வீடு வேலை வேற" என்றார்.

நறுக்கிய செம்பைப் பார்த்திருக்கிறாயா? தங்கத்தை விட்டால், கலப்பில்லாத எந்த உலோகத்தை வெட்டினாலும் சாம்பல் நிறம். செம்பு மட்டும் சதை மாதிரி இருக்கும். அதனால்தான் எனக்கு அதன் மேல் பைத்தியம். இப்போது அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

யாரையும் தேடாதே அண்ணா. செத்தவர் செத்துவிட்டார். உன் கையைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

மார்ச் 20

தங்கச்சி,

நானே எழுதுகிறேன். இடது கையால். ஏணி மாதிரி. கோணலாகத்தான் இருக்கும், படி.

நீ இரண்டு பக்கம் செம்புப் புராணம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் பேச்சு சுற்றிச் சுற்றிப் போகும். வாங்கவில்லை என்று நீ ஓர் இடத்திலும் எழுதவில்லை. உனக்கு ஆள் யாரென்று தெரியும்.

லாரிக்காரர் எழுதியபோது சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். ஒரு பட்டை எங்கே போனது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிட்டாய்க் கம்பெனிக்காரன் செம்பு அண்டா கேட்டுக் கத்திவிட்டுப் போன மறுநாள், ஈயம் கலக்காத நல்ல செம்பு கிடைக்கவில்லை என்று நீ மூக்கைச் சிந்தினாய். நான் என் கையால் போட்ட பட்டையை என் கையாலேயே கழற்றிக் கொண்டுவந்தேன். பதிலுக்கு இரும்புப் பட்டை போடலாம் என்றிருந்தேன். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. அது தப்புதான், மறைக்கவில்லை. ஆனால் ஒன்று போனால் ஆள் சாகமாட்டான். அதற்காகத்தான் இரண்டு வைப்பது. முதலில் எடுத்தவன் கையில் பழி இல்லை. இருக்கிற ஒன்றையும் எடுத்தானே, இரண்டாவது ஆள், அவன்தான் கொலைகாரன். எர்த்தே இல்லாத பெட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனவன் அவன்.

தலைவர் தினமும் பழத்தோடு வருகிறார். ஆள் யாரென்று சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். நீ வாய் திறக்கவில்லை. நானே யோசித்தேன். நம் பக்கத்தில் கேபிளை அறுப்பவன் ஒருவன்தான், பூனை. அவன் பேரைச் சொல்லிவிட்டேன். அவனைக் கட்டி வைத்துக் கேட்பார்கள். அவனே எடுத்திருந்தால் ஒழியட்டும். இல்லையென்றால் எடுத்தவனைக் காட்டுவான்.

மார்ச் 24

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டார்கள்.

பூனையைச் சந்தையிலிருந்து இழுத்துவந்து உன் ஆபீஸ் வாசல் கம்பத்தில் கட்டினார்கள். ஏணியின் படத்துக்கு நேர் எதிரே. ஒயரை மடித்து அடித்தார்கள். செம்பு ஒயர்தான், மேலே ரப்பர் தோல் உரித்தது. "ஆமாம்னு சொல்லு" என்று ஒருவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். "நான் இல்லீங்க" என்று அவன் சொன்ன ஒவ்வொரு முறைக்கும் ஓர் அடி. அவன் மனைவி காலில் விழுந்தாள், அவளை உதைத்துத் தள்ளினார்கள். கடைசியில் ஒயரின் நுனி கண்ணில் பட்டது. கண் கன்னத்தில் வழிந்ததை நான் பார்த்தேன். நான் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன் அண்ணா. வாயைத் திறந்தால் நிறுத்தியிருக்கலாம். திறக்கவில்லை. கட்டை அவிழ்த்து நீ படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பியிருக்கிறார்கள். கண் வார்டில் இருப்பான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இனி மறைத்துப் பயன் இல்லை. இரண்டாவது ஆள் பேரைக் கேட்டாயே, கேள்.

மழை விட்ட வாரம் ஏணி ஒரு பட்டையைச் சுருட்டி, சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். நல்ல செம்பு கிடைக்கவில்லை என்று அவரிடமும் புலம்பியிருந்தேன். உன்னிடம் மட்டும்தான் புலம்புவேன் என்று நினைத்தாயா? நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அண்டாவுக்குப் பணம் வந்ததும் உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தோம். அவருடைய அம்மாவுக்குத் தெரியும். நீ குதிப்பாய் என்று எனக்குப் பயம். அவருக்கு அதைவிடப் பயம்.

பட்டையில் மூட்டு போட்ட இடத்தைப் பார்த்தேன். உன் மூட்டில் சுத்தியல் தடம் வலது பக்கம் சாயும், அவருடையதில் இடது பக்கம். அது அவருடைய கை வேலை. எங்கிருந்து என்று கேட்டேன். நீ சொன்னதையேதான் சொன்னார், நான் போட்டது நான் எடுத்தேன், இரும்பு வாங்கிப் போட்டுவிடுகிறேன் என்று. அதுவரைக்கும் ஆபத்தில்லையா என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னொரு பக்கம் உங்க அண்ணன் போட்டது இருக்கு. அது இருக்கிற வரைக்கும் எவனுக்கும் ஒண்ணும் ஆகாது."

அதை உருக்கித் தகடாக அடித்து அண்டாவுக்கு அடிப்பாகம் போட்டோம். நீ உன் பட்டையைக் கொண்டுவந்தபோது அந்த அடிப்பாகம் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நீகூட விரலால் தட்டிப் பார்த்து, "இவ்வளவு நல்ல செம்பு எவன் கொடுத்தான்?" என்று கேட்டாய். யாரோ கொடுத்தார்கள் என்றேன். உன்னுடையதில் விளிம்பு போட்டேன். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியாது. இரண்டு பட்டையும் இல்லை என்று ஆட்கள் கடப்பாரையோடு கத்திக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது.

முதலில் எடுத்தது அவர். இருந்த ஒன்றையும் எடுத்தது நீ. கேட்டு வாங்கியது நான். யாரை முதலில் கம்பத்தில் கட்டுவது என்று நீயே சொல்.

அந்த அண்டாவை உடைக்கச் சம்மட்டியோடு மிட்டாய்க் கம்பெனிக்குப் போனேன். பாகு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு அடி வைத்தேன், விளிம்பு நசுங்கியது. பாகு தெறித்து என் முழங்கை வெந்தது, அங்கே வேலை செய்த பெண்ணுக்குக் கழுத்தில் பட்டது. அவள் அலறினாள். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டேன். என்னால் இன்னும் எத்தனை பேர் வேக வேண்டும்?

உன் தங்கை

ஏப்ரல் 2

தங்கச்சி,

உன் கடிதம் வந்த அன்று தலைவரும் நாலு பேரும் என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக என் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பூனை ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்து யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். மருந்து மயக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்தார். முழுவதையும் சொன்னேன். ஏணி எடுத்ததையும் சொன்னேன், அவன் பேரைக் கெடுத்ததாக நினைக்காதே. பாதியைச் சொன்னால் இன்னொருவன் கண் போகும்.

ஒயரால் அடித்த ஆள், பூனையின் கண் யார் கையால் போயிற்றோ அவன், எழுந்து வந்து என் வலது கைக் கட்டைப் பிடித்துப் பிசைந்தான். ஈரத் துணியைப் பிழிவது மாதிரி. நர்ஸ் ஓடிவரும் வரைக்கும் விடவில்லை. அவன் அழுதுகொண்டேதான் பிழிந்தான். மிச்சமிருந்த கட்டைவிரலையும் மறுநாள் எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னும் திரும்பவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். உன்னிடமும் வருவார்கள். கேட்டால் கேட்டதை மட்டும் சொல்லாதே, எல்லாவற்றையும் சொல்.

நேற்று கண் வார்டுக்குப் போனேன். பூனையின் தலை முழுக்கக் கட்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உன் பேரைச் சொன்னவன் நான்தான் என்றேன். அவன் கையை நீட்டி என் முகத்தைத் தடவிப் பார்த்தான். வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் அறைந்தான். உதடு கிழிந்தது. இன்னொன்றும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவன் அடிக்கவில்லை. எந்தப் பெட்டி என்று கேட்டான். சொன்னேன்.

"அதுவா? அந்தப் பட்டைக்கு நானும் போனேன். வேலி தாண்டி முன்னால பார்த்தேன், இல்ல. பின்னால சுத்திப் பார்த்தேன், அதுவும் இல்ல. எவனோ முந்திக்கிட்டான்னு வந்துட்டேன்" என்றான்.

திருடன் ஒருவன்தான் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்திருக்கிறான். என் பட்டையைக் கழற்றிய அன்று நாலு எட்டு வைத்துப் பின்னால் எட்டிப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். போகவில்லை. அந்தப் பக்கம் ஏணி போட்டது, அதை என்ன பார்ப்பது என்று வந்துவிட்டேன். அவனும் என் பக்கத்தை அப்படித்தான் விட்டிருக்கிறான். நீ கல்யாண விஷயத்தைச் சொல்லியிருந்தால் நான் குதித்திருக்கமாட்டேன். அவனைத் தவிர வேறு யாருக்கு உன்னைக் கொடுப்பேன்?

அண்டாவை உடைக்காதே. மிட்டாய் காய்ச்சட்டும். ஏதாவது நல்லதற்கு அந்தச் செம்பு ஆகட்டும். அந்தப் பெண்ணின் கழுத்துக்கு மருந்து வாங்கிக் கொடு.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். அன்றைக்குப் பெட்டிக்கு முன்னால் நின்று ஏணி என்னைத் திரும்பிப் பார்த்தான். தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரியும். என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். "எர்த் இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கு என்றேன்.

அண்ணன்